குரங்குகளின் வம்சாவளி மரம்: கிளைகள் ஏன் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன?

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்திலோ புக்கிட் தீமாவிலோ நடக்கப் போகிறவர்களுக்கு அந்தக் குரங்கைத் தெரியாமல் இருக்காது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தால் போதும், பின்னாலேயே வந்துவிடும். அதன் பெயர் நீண்டவால் மக்காக். மலாயில் கெரா.

"இதன் முன்னோர் யார்?" என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது.

2023ஆம் ஆண்டு 'சயன்ஸ் அட்வான்சஸ்' சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு மக்காக் குரங்குகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தது. சுமார் 3.5 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு தனித்தனி மக்காக் வம்சங்கள் கலந்தன, அந்தக் கலப்பிலிருந்து வந்ததுதான் நீண்டவால் மக்காக் சேர்ந்திருக்கும் குழு என்று அது கூறியது. இந்தியா, சீனாவின் ரீசஸ் குரங்கும், வெந்நீர் ஊற்றில் குளிக்கும் படங்களில் நாம் பார்த்திருக்கும் ஜப்பானியப் பனிக்குரங்கும் அதே குழுதான்.

கலந்த அந்த இரண்டு வம்சங்கள் எவை? ஒன்றின் இன்றைய வாரிசுகளில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கும் (சோலைமந்தி என்றும் சொல்வார்கள்) மலேசியத் தோட்டங்களில் தேங்காய் பறிக்கப் பழக்கப்படும் பன்றிவால் குரங்கும் உண்டு. இன்னொன்றில் தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்கும், சிங்களத்தில் 'ரிலவா' எனப்படும் இலங்கைக் குரங்கும் உள்ளன. இன்றுள்ள இந்தக் குரங்குகளே நேரடி மூதாதைகள் என்று பொருளல்ல. அந்தப் பழைய வம்சங்களின் மற்ற வாரிசுகள் இவை, அவ்வளவுதான்.

ஒரு கிளைக்கு இரண்டு அடிமரம். மரம் என்று நாம் நினைத்திருக்கும் படத்தில் இதை எங்கே வரைவது? பரிணாம ஆய்வாளர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

மரம் என்ற படம் எங்கிருந்து வந்தது?

சார்ல்ஸ் டார்வின் 1837ஆம் ஆண்டு தமது குறிப்பேட்டில் சின்னதாக ஒரு மரம் வரைந்தார். ஒரு தண்டு, அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து கிளைகள். ஓர் இனம் இரண்டாகப் பிரியும், பிரிந்தது மறுபடி பிரியும். பள்ளிப் பாடநூல் முதல் அரும்பொருளகச் சுவர் வரை இன்றும் அதே படம்தான்.

அந்தப் படத்தில் ஒரு எழுதப்படாத விதி இருக்கிறது. பிரிந்த கிளைகள் திரும்பச் சேராது. காட்டில் வாழும் குரங்குகளுக்கு அந்த விதி தெரியாது, பாருங்கள். பிரிந்து பல நூறாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும், ஆறு திசை மாறினாலோ காடு விரிந்தாலோ இரண்டு இனங்கள் மீண்டும் சந்திக்கின்றன. சில சமயம் குட்டி போடுகின்றன. அந்தக் குட்டி வளர்ந்து ஏதோ ஒரு பக்கத்துக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால், ஓர் இனத்தின் மரபணுத் துண்டுகள் இன்னோர் இனத்துக்குள் நுழைந்துவிடும்.

நம்ம வட்டாரத்தில் இதற்கு நிறையவே வாய்ப்பு இருந்தது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல் மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பு. சிங்கப்பூர் அப்போது தீவே இல்லை. கடல் ஏறியபோது கூட்டங்கள் பிரிந்தன, இறங்கியபோது சேர்ந்தன. இது ஒரு தடவை நடந்த கதையும் அல்ல.

ஒற்றுமை எல்லாமே கலப்புதானா?

இல்லை. இங்கேதான் கவனம் தேவை. இரண்டு இனங்களின் மரபணு ஓரிடத்தில் ஒத்துப்போவதற்குக் கலப்பு இல்லாமலேயே இன்னொரு காரணம் இருக்கலாம்.

ஒரு கூட்டுக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு விதமான சாம்பார் புழக்கத்தில் இருக்கிறது. தேங்காய் அரைத்துவிட்டது ஒன்று, வெறும் பருப்பு சாம்பார் ஒன்று. முதலில் மூத்த அண்ணன் தனிக்குடித்தனம் போகிறார். கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது அண்ணனும் தம்பியும் பிரிகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நாளடைவில் ஏதோ ஒரு சாம்பார்தான் நிலைக்கிறது. எது நிலைக்கும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். மூத்தவர் வீட்டிலும் கடைக்குட்டி வீட்டிலும் தேங்காய் சாம்பார், நடு வீட்டில் மட்டும் பருப்பு சாம்பார் என்று ஆகலாம். அதை வைத்து மூத்தவரும் கடைக்குட்டியும்தான் கடைசியாகப் பிரிந்தார்கள் என்று சொன்னால் தப்பாகிவிடும்.

மரபணுவிலும் இதேதான். நமக்கு ஆக நெருங்கிய உறவு சிம்பன்சி என்பதில் இன்று ஐயமில்லை. ஆனா 2012ஆம் ஆண்டு கொரில்லாவின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, அதில் சுமார் 30 விழுக்காட்டுப் பகுதிகளில் கதை வேறு மாதிரி இருந்தது. சில பகுதிகளில் மனிதனுக்குச் சிம்பன்சியைவிட கொரில்லா நெருக்கம். வேறு சில பகுதிகளில் சிம்பன்சிக்கு மனிதனைவிட கொரில்லா நெருக்கம். கொரில்லா கிளை பிரிந்ததற்கும் மனிதன், சிம்பன்சி பிரிந்ததற்கும் இடையே அதிக காலம் இல்லை. பழைய வகைகள் கலைந்து ஒழுங்காவதற்குள் அடுத்த பிரிவு வந்துவிட்டது. இதை விளக்கக் கலப்பு தேவையே இல்லை.

அப்படின்னா கலப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுபடி அதே வீட்டுக்கு வருவோம். சாம்பாரை மட்டும் பார்க்காமல் ரசம், ஊறுகாய், புட்டு, கோழிக்குழம்பு என்று ஆயிரம் பதார்த்தங்களைப் பார்க்கலாம். வெறும் அதிர்ஷ்டம்தான் காரணம் என்றால், மூத்தவர் வீட்டுச் சமையல் நடு அண்ணனோடு எத்தனை தடவை ஒத்துப்போகிறதோ, ஏறக்குறைய அத்தனை தடவை கடைக்குட்டியோடும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு பக்கமும் சமம். அப்படியில்லாமல் கடைக்குட்டியோடு மட்டும் ரொம்பவே ஒத்துப்போனால்? பிரிந்த பிறகும் அந்த இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆய்வாளர்கள் இதே கணக்கை மரபணு முழுவதும் போடுகிறார்கள். ஏ, பி என்ற எழுத்துகளை அடுக்கிப் பார்ப்பதால் 'அப்பா-பாபா' சோதனை என்று பெயர் (தகப்பனாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 2010ஆம் ஆண்டு நியாண்டர்தால் மனிதரின் மரபணுத்தொகுதி வெளியானபோது பயன்படுத்தப்பட்ட முறை இது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் சுமார் 2 விழுக்காடு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்பதை உலகம் அப்படித்தான் அறிந்தது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஸ்வாந்தே பாபோவுக்கு 2022இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

கலப்பு எப்போது நடந்தது என்பதற்குத் துண்டுகளின் நீளம் உதவும். அண்மையில் கலந்திருந்தால் வெளியிலிருந்து வந்த டிஎன்ஏ நீண்ட துண்டுகளாக இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அவை வெட்டுப்பட்டுச் சிறிதாகிக்கொண்டே போகும். மில்லியன் கணக்கான ஆண்டுகள் கடந்தால் தூள் தூளாகிவிடும். அந்தத் தூளிலிருந்து கதை சொல்வது சுலபமான வேலையில்லை.

தாய்வழி ஒரு கதை, தந்தைவழி வேறு கதை

மரபணுத்தொகுதி முழுவதையும் படிக்கும் வசதி வருவதற்கு முன்னர் ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருந்தது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை. அது தாயிடமிருந்து மட்டும் வரும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். இரண்டையும் வைத்து இரண்டு மரங்கள் வரைந்தால் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

குட்டைவால் மக்காக் அதைக் கலைத்துப் போட்டது. சிவந்த முகம் கொண்ட இந்தக் குரங்கு சீனாவின் தென்பகுதியிலிருந்து தாய்லாந்து வரை பரவியிருக்கிறது. மலேசியாவில் பெர்லிஸ் காடுகளிலும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அதன் டிஎன்ஏவைப் பார்த்தவர்களுக்குக் குழப்பம். தந்தைவழியைப் பார்த்தால் நாட்டுக் குரங்கு, ரிலவா இருக்கும் குழு. தாய்வழியைப் பார்த்தால் ரீசஸ், நீண்டவால் மக்காக் குழு. இரண்டு குழுக்கள் பழங்காலத்தில் கலந்ததால் இந்த இனம் உருவாகியிருக்கலாம் என்ற கருத்து அப்போது எழுந்தது. பின்னர் வந்த முழு மரபணு ஆய்வுகளும் கலப்பின் தடயங்களைக் காட்டின.

தாய்வழியும் தந்தைவழியும் ஏன் இப்படி முரண்படுகின்றன? மக்காக் சமூகத்தின் பழக்கம்தான் காரணம். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டம் தேடிப் போகும். ஆகவே, எல்லை தாண்டுவது பெரும்பாலும் ஆண்களின் மரபணுதான். தாய்வழி டிஎன்ஏ ஊரைவிட்டு நகராது.

தாய்லாந்தில் இது கண்கூடு. கிரா பூசந்திக்கு வடக்கே வாழும் நீண்டவால் மக்காக்குகளிடம் ரீசஸ் குரங்கின் ஒய் குரோமோசோம் இருக்கிறது. தாய்வழி டிஎன்ஏவோ நீண்டவால் மக்காக்குடையது. வடக்கிலிருந்து வந்த ரீசஸ் ஆண்கள் விட்டுச் சென்ற அடையாளம் அது.

இதைப் புரிந்துகொள்ள மொழியை எடுத்துக்கொள்ளலாம். மலாய் மொழியில் 'கெடாய்' என்ற சொல் நம் 'கடை'யிலிருந்து போனது. 'காப்பால்' நம் கப்பல். இந்த மாதிரிச் சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒருவர் வம்சாவளி வரைந்தால், மலாய் தமிழிலிருந்து பிறந்தது என்று முடிவு கட்டிவிடுவார். எண்கள், உடல் உறுப்புகள், இலக்கணம் என்று எல்லாவற்றையும் பார்த்தால்தான் அது வேறு குடும்பம், இடையில் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று தெரியும். ஒரே ஒரு மரபணுவை வைத்து மரம் வரைவதும் அப்படித்தான்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் கிபுன்ஜி குரங்கு இதற்கு இன்னும் விசித்திரமான உதாரணம். 2005ஆம் ஆண்டுதான் அது அறிவியல் உலகுக்குத் தெரிய வந்தது. மறு ஆண்டே அதற்குத் தனிப் பேரினம் ஒன்றை உருவாக்கினார்கள். தான்சானியாவின் தென் மலைப்பகுதியில் கிடைத்த கிபுன்ஜியின் தாய்வழி டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தால், பபூன்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்னொரு காட்டில் வாழும் கிபுன்ஜி கூட்டத்திடம் அந்தப் பபூன் அடையாளம் இல்லை. என்றோ ஒரு பெண் பபூன் கிபுன்ஜி கூட்டத்தோடு கலந்திருக்க வேண்டும். முதல் கூட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் அதன் இடமே தவறாகப் பதிவாகியிருக்கும்.

கலப்பிலிருந்து புது இனமே பிறக்குமா?

பிறக்கும் என்கிறது சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு. குய்ச்சோ மாநிலத்தின் ஃபன்ஜிங்ஷான் மலையில் மட்டுமே வாழும் சாம்பல்நிறச் சப்பைமூக்குக் குரங்கு, எண்ணிக்கையில் ஆயிரத்துக்கும் குறைவு. 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான அந்த ஆய்வின்படி, பொன்னிறச் சப்பைமூக்குக் குரங்கின் வம்சமும் யுனான், மியன்மார் பகுதிச் சப்பைமூக்குக் குரங்குகளின் மூதாதையும் கலந்ததில் உருவானது அது. மரபணுவில் பெரும்பகுதி பொன்னிறக் குரங்கினுடையது. அதன் உரோம நிறத்தில் தெரியும் கலவைக்கும் இரு பக்கத்திலிருந்தும் வந்த மரபணுக்களே காரணம் என்கிறார்கள்.

ஆனா கலந்ததெல்லாம் நிலைத்துவிடுவதும் இல்லை. கென்யாவின் அம்போசெலியில் 1971ஆம் ஆண்டிலிருந்து பபூன்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே மஞ்சள் பபூனும் அனூபிஸ் பபூனும் கலக்கின்றன. கலப்பினக் குட்டிகள் நோஞ்சானாக இல்லை, நன்றாகவே வாழ்கின்றன. இருந்தும் 2022இல் அவற்றின் மரபணுவை அலசியபோது, முக்கியமான மரபணுக்களுக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து வந்த டிஎன்ஏ குறைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இயற்கை அதைக் களைந்துகொண்டிருக்கிறது. நம்முடைய நியாண்டர்தால் டிஎன்ஏவும் இப்படித்தான் திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கிறது. ஆகவே இன்று ஓரிடத்தில் கலப்பின் தடயம் இல்லை என்பதால் அங்கே கலப்பே நடக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

எலும்புகூட இல்லாத உறவினர்கள்

இன்னும் சிக்கலானது 'ஆவி' வம்சங்கள். ஆய்வாளர்களே வைத்த பெயர்தான் இது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, போனோபோ குரங்குகளின் மரபணுவில் 4.8 விழுக்காடு வரை, இன்று உலகில் இல்லாத ஏதோ ஒரு வாலில்லாக் குரங்கிடமிருந்து வந்திருக்கலாம் என்று கணித்தது. அதற்கு எலும்பு கிடைக்கவில்லை, பல் கிடைக்கவில்லை. போனோபோவின் உடம்புக்குள் மட்டும் மிச்சம் இருக்கிறது. கிழக்குக் கொரில்லாவிலும் இதே மாதிரி ஒரு தடயத்தை 2023இல் அறிவித்தார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த சாம்பார் கணக்கில் நான்காவதாக ஒரு சகோதரர் இருந்து, அவர் வீடே இப்போது இல்லை என்று வையுங்கள். அவரிடமிருந்து நடு அண்ணன் நிறையக் கற்றுக்கொண்டிருந்தால், நடு அண்ணனின் சமையல் மாறிப்போய், மூத்தவரும் கடைக்குட்டியும்தான் கூடிக் குலாவினார்கள் என்று கணக்கு தவறாகக் காட்டும். வெப்பமண்டலக் காடுகளில் எலும்பு மக்கிப்போகும், டிஎன்ஏ அதற்கும் முன்னால் சிதைந்துவிடும். சரிபார்க்க வழி குறைவு.

கலப்பு என்ற விளக்கத்தை எங்கேயும் ஒட்டிவிடும் ஆசைக்கும் இடம் கொடுக்கக் கூடாது. 2006இல் மனித மூதாதைகளும் சிம்பன்சி மூதாதைகளும் பிரிந்த பிறகு மீண்டும் கலந்திருக்கலாம் என்று ஒரு பிரபலமான ஆய்வு சொன்னது. எக்ஸ் குரோமோசோமில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு என்பது அதன் முக்கிய ஆதாரம். மூதாதைக் கூட்டம் பெரியதாக இருந்திருந்தாலே, ஆண்களிடம் மரபணு மாற்றங்கள் கூடுதலாக நடப்பதையும் சேர்த்தால், அதே எண்கள் வரும் என்று மற்ற ஆய்வாளர்கள் பதில் கொடுத்தார்கள். தலைப்புச் செய்தியாக வந்த அளவுக்கு அந்த முடிவு ஏற்கப்படவில்லை.

காலக் கணக்கும் ஆட்டம் காணும். இரண்டு இனங்கள் பிரிந்த பிறகும் கலந்துகொண்டிருந்தால் அவற்றின் டிஎன்ஏ வேறுபாடு குறைவாகத் தெரியும். அந்த வேறுபாட்டை வைத்து வயது போட்டால், உண்மையில் பிரிந்த காலத்தைவிட அண்மைக்காலம் என்று பதில் வரும்.

மனிதர்களும் இந்தக் குழப்பத்துக்கு விலக்கு இல்லை. மொத்த மரபணுவைப் பார்த்தால் நியாண்டர்தாலும் டெனிசோவனும் நெருங்கிய உறவினர்கள், நாம் தள்ளி நிற்கிறோம். மைட்டோகாண்ட்ரியாவையும் ஒய் குரோமோசோமையும் பார்த்தால் நியாண்டர்தால் நம் பக்கம் சாய்கிறார். நம்முடைய ஆதி வம்சத்திலிருந்து அவர்களுக்குள் முன்பே நடந்த ஒரு கலப்பில் அவை இரண்டும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பது இப்போதைய விளக்கம்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

முதல் காரணம் பாதுகாப்பு. சட்டம் இனத்தின் பெயரைப் பார்த்துத்தான் பாதுகாக்கிறது. சிங்கப்பூர்க் காடுகளில் நூற்றுக்கும் குறைவாக இருக்கும் ராஃபிள்ஸ் பட்டை இலைக்குரங்கை எடுத்துக்கொள்வோம். அதுவும் மலேசியா, சுமத்ராவில் உள்ள அதன் உறவுகளும் நீண்டகாலம் ஒரே இனமாகக் கருதப்பட்டன. காட்டில் சேகரித்த மலத்திலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் படித்து, அவை மூன்று தனி இனங்கள் என்று 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெயர் பிரிந்ததும் ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையும் எவ்வளவு குறைவு என்பது வெளிச்சத்துக்கு வந்தது. மரத்தில் ஒரு கோடு எங்கே விழுகிறது என்பது ஒரு கூட்டத்தின் தலையெழுத்தை மாற்றக்கூடியது. தாய்வழியோடு நிறுத்திவிடாமல் முழு மரபணுவையும் படிப்பதற்குப் பணமும் நேரமும் ஒதுக்குவது வீண் செலவல்ல என்பதற்கு இதுவே போதும்.

இரண்டாவது, மருந்து. தடுப்பூசி, மருந்துச் சோதனைகளுக்கு ஆக அதிகமாகப் பயன்படும் குரங்குகளில் நீண்டவால் மக்காக் ஒன்று. 2022இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அறிவித்தது. ஆய்வுக்கூடத் தேவையும் அதற்கு ஒரு காரணம். கிரா பூசந்திக்கு வடக்கிலிருந்து வந்த குரங்கும் இந்தோனேசியத் தீவிலிருந்து வந்த குரங்கும் பெயரளவில் ஒன்றுதான். உள்ளே ரீசஸ் கலப்பின் அளவு வேறு. ஒரே கிருமிக்கு இரண்டும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டாமல் போகலாம். எந்த ஊர்க் குரங்கு என்று குறிப்பிடாத ஆய்வு முடிவை அப்படியே நம்புவது கடினம்.

மூன்றாவது, இந்தக் கலப்பு பழங்கதை மட்டும் இல்லை. சாபாவின் கினபாத்தாங்கான் ஆற்றோரத்தில் 2017ஆம் ஆண்டு ஒரு விநோதக் குரங்கு படமெடுக்கப்பட்டது. மூக்கு நீண்ட பெக்காந்தான் குரங்கு மாதிரியும் இருந்தது, வெள்ளிநிற இலைக்குரங்கு மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே பேரினம்கூட அல்ல. பொதுமக்கள் எடுத்த படங்களில் கை கால் அளவுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அது இரண்டுக்கும் பிறந்த கலப்பினமாகத்தான் இருக்க வேண்டும் என்று 2022இல் எழுதினார்கள். செம்பனைத் தோட்டங்கள் இருபுறமும் நெருக்கி, காடு ஆற்றோரத்தில் மெல்லிய நாடாவாகச் சுருங்கிவிட்டது. இரண்டு இனங்களும் ஒரே மரங்களில் ஒதுங்க வேண்டிய நிலை. முன்பு கடல் மட்டம் செய்த வேலையை இப்போது நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

2020இல் எடுக்கப்பட்ட படங்களில் அந்தப் பெண் குரங்கு ஒரு குட்டியை அணைத்துக்கொண்டிருந்தது, மார்பும் பால் சுரப்பதுபோல் இருந்தது. குட்டி அதனுடையதுதானா? இலைக்குரங்குகளில் மற்றவர் குட்டியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதால் படத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. சொந்தக் குட்டி என்றால், வேறு வேறு பேரினங்களுக்குப் பிறந்த ஒரு குரங்கு மலடாக இல்லை என்று ஆகும். அந்தக் குரங்கின் மலம் கொஞ்சம் கிடைத்தால்கூடப் போதும், டிஎன்ஏ பதில் சொல்லிவிடும்.